எந்த நரம்பு அறுந்தது

தூண்டில் நரம்பு வாங்க வருகிறவர் முதலில் பொய்தான் சொல்வார். போன வாரம் தப்பிப்போன மீன் எத்தனை நீளம் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். அந்த அகலத்தை நம்பி நரம்பு எடுத்துக் கொடுத்தால் அதில் காளை மாட்டையே கட்டலாம். கவிதா, மாரீஸ்வரி, கடைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்தால் அவர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். கையை விரித்து முடிக்கட்டும். அப்புறம் மெதுவாக, "எந்தக் கம்மாய்க்குப் போறீக?" என்று கேளுங்கள்.

கண்மாய் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. புது மழைக்குக் கரிசல் கரைந்து டீத்தண்ணி மாதிரி கிடக்கிற கண்மாயில் மீனுக்குக் கண் தெரியாது. நைலானில் ஒற்றை இழையாக வருகிற தடித்த தங்கூஸ் நரம்பைக் கொடுத்துவிடலாம். பொங்கல் முடிந்து தண்ணீர் தெளிந்ததும் அதே நரம்பு மீன் கண்ணுக்குக் கிணற்றுக் கயிறாகத் தெரியும். அப்போது சன்னமானதுதான். ரப்பர் தவளையைத் தண்ணீர் மேலேயே துள்ளவிட்டு விரால் பிடிக்கிறவருக்கு மிதக்கிற நரம்பு. மாவு உருண்டையை அடியில் போட்டுக் கெண்டைக்குக் காத்திருக்கிறவருக்கு முங்குகிற நரம்பு. இதெல்லாம் முதலாளி சொல்லித் தந்திருப்பார். சொல்லாவிட்டாலும் டப்பா மேல் படம் போட்டிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் நான். படத்தை வைத்தே இத்தனை வருஷம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி எழுதுகிறாள். சண்டை போட்டுப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நரிக்குடிப் பக்கத்தில் பெண் எடுத்த மாப்பிள்ளை ஒருத்தர் வந்தார். தலைதீபாவளிக்குப் போகிறாராம். மாமனார் தூண்டில் போடுகிறவராம்.

"இருக்குறதுலயே நல்ல நரம்பா குடுங்க" என்றார்.

"என்ன மீனு பிடிக்கணும்?"

"எதுனாலும் சரி. அவுக முன்னாடி வெறுங்கையோட நிக்கக் கூடாது."

"அப்படின்னா நரம்பு வேண்டாம் மாப்ள. போற வழியில மார்க்கெட்ல ஒரு கட்லா வாங்கிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. முள்ளுல மாட்டித் தண்ணிக்குள்ள விட்டு, மாமனார் பாக்கும்போது தூக்குங்க."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நரம்பும் வாங்கினார், முள்ளும் வாங்கினார், தக்கையும் வாங்கினார். முதலாளி அன்றைக்கு எனக்கு வடை வாங்கித் தந்தார். என் வியாபாரம் இப்படித்தான் நடந்தது. ஆள் சிரித்துவிட்டால் காசை எடுத்துவிடுவார். எதைச் சொல்வதானாலும் கேலியில் முக்கி எடுத்துச் சொல்வது எனக்குப் பழகிப்போனது. நல்ல புத்தியையும் அப்படித்தான் சொல்வேன். கேட்கிறவர் சிரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு புத்தியைக் கல்லாவிலேயே விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததில்லை. பாவுக்காரர் வருகிறவரைக்கும்.

பாவுக்காரர் என்பது நாங்கள் வைத்த பேர். அவர் நெசவாளி இல்லை. நெசவாளிகளுக்கு வேண்டிய ஆள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பேர்; ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு நூலையும் பழைய பாவின் நுனியோடு சேர்க்க வேண்டும். தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கில் நூல். அவர் தறிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு திருகு திருகுவார். பிணைந்துவிடும். அடுத்தது. அடுத்தது. பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கண் பூத்துப்போகும். அவர் பாட்டுக்கு ரேடியோவில் என்ன ஓடுகிறது என்று நம்மிடம் பேசிக்கொண்டிருப்பார். எங்கள் கடை இருக்கிற டவுனில், நெசவுத் தெருவில் பாவு மாற்றுகிற வீடு எல்லாம் அவரைத்தான் கூப்பிடும்.

"நான் பிணைச்ச எடத்துல நூல் அறுந்துச்சுன்னா மீசையை எடுத்துர்றேன் யக்கா" என்பார். அவருக்கு மீசை கிடையாது. அதைச் சொன்னால், "அதனாலதான் தைரியமாச் சொல்றேன்" என்பார். எனக்கு ஈடுகொடுத்துப் பேசுகிற வாடிக்கையாளர் அவர் ஒருத்தர்தான்.

வாரம் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் இருக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாத இடம் வேண்டும். எங்கள் ஊர் கண்மாய் பெருகிக் கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன். எங்கள் ஊர் திருச்சுழி தாண்டிப் பரளச்சிக்குப் போகிற வழியில். பல வருஷம் காய்ந்து கிடந்த கண்மாய் அது. உள்ளே சீமைக்கருவேலம் காடாக முளைத்து, நாங்கள் ஆடு மேய்க்கவும் விறகு வெட்டவும் மட்டும் அதற்குள் போய் வந்தோம். அந்த வருஷம் மழை கொட்டி, கண்மாய் நிறைந்து, மரத்தின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஆடு நின்ற இடத்தில் மீன் நின்றது. இந்தச் சீமையில் நரம்பு விற்கிறவர் படத்தில் இல்லாமல் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தத் தண்ணீரைத்தான். தண்ணீருக்குக் கீழே முழுக்க முள்ளும் கிளையும். போட்ட தூண்டில் பாதி நேரம் மீனில் மாட்டாது, மரத்தில்தான் மாட்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. நடுத்தரத் தங்கூஸ் நரம்பைக் கொடுத்து, தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு முழம் மட்டும் அதைவிடச் சன்னமான நரம்பைச் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மரத்தில் மாட்டி இழுத்தால் அந்தச் சன்ன துண்டில் அறும். முள் போகும், மிச்ச நரம்பு முழுசும் கைக்கு வந்துவிடும். பாவுக்காரருக்கும் அதைத்தான் சொன்னேன். செய்தார். மறுவாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"யக்கா, நரம்பு அறுந்துபோச்சு."

"எந்த எடத்துல?"

"நீங்க சேக்கச் சொன்ன அந்தச் சன்ன துண்டுல."

"அப்பச் சரியாத்தான் அறுந்துருக்கு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நூல் அறுந்தா சரின்னு சொல்ற ஆள இன்னைக்குத்தான் யக்கா பாக்குறேன்."

"மரத்துல மாட்டுனா அறணும்ல தம்பி? மரத்த இழுத்துட்டா வரப்போறீக?"

"மரமா மீனான்னு அறுந்தப்புறம் எப்படித் தெரியும்? வெரல்ல ஒரு துடிப்பு வந்துச்சு. விராலுதான் அது. நல்ல பாவுல இத்துப்போன நூலச் சேத்துப் பிணைக்கச் சொல்லிட்டீக. எங்க தெருவுல இதச் சொன்னா தறிக்குப் பக்கத்துலயே விடமாட்டாக."

அவர் சொன்னதில் அவருக்கு நியாயம் இருந்தது. நெசவுத் தெருவில் அறுகிற நூல் கெட்ட நூல். ஒரு நூல் அறுந்தால் தறி நிற்கும், சேலையில் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். அறுந்ததைப் பார்த்தால் அவருக்கு உடம்பே கூசும். வாழ்நாள் முழுக்க நூல் அறாமல் பார்த்துக்கொண்ட மனிதரிடம் போய், அறுவதற்கென்றே ஒரு துண்டைச் சேர்த்துக்கொள் என்றால் அவருக்கு எப்படிப் பொறுக்கும்?

அவர் தூண்டிக் கம்பும் வைத்துக்கொள்ள மாட்டார். நரம்பைத் தண்ணீர் பாட்டிலில் சுற்றிக்கொண்டு போய், ஈயக்குண்டோடு சுழற்றி வீசிவிட்டு, நரம்பை வலது ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு நிற்பார். "கம்புக்கு என்ன தெரியும்? மீனு மூச்சு விட்டாலே என் வெரலுக்குத் தெரியும்" என்பார். பொய் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தொட்டு அது எந்த நம்பர் நூல் என்று சொல்லுகிற விரல் அது.

அந்தச் சமயத்தில்தான் கடைக்குப் பின்னல் நரம்பு வந்தது. பிரெய்டு என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். தங்கூஸ் மாதிரி ஒற்றை நரம்பு இல்லை. மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னியது. பார்த்தால் தையல் நூல். இழுத்தால் இரும்பு. முதலாளி வாசலில் எடை போடுகிற ஒரு படிக்கல்லை அதில் கட்டித் தொங்கவிட்டார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பாவுக்காரர் வந்தார். கல்லைப் பார்க்கவில்லை. நரம்பைத்தான் பார்த்தார். நுனியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார்.

"எத்தனை இழைன்னு பாத்தீகளா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறாமப் பின்னியிருக்கான்" என்றார். பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையைத் தூக்கிப் பார்க்கிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். "இதுதான் யக்கா நூலு. இத்தன நாளு என்னத்தையோ குடுத்து ஏமாத்திட்டீக."

"எடுத்துக்கங்க. ஆனா இதுலயும் அந்தச் சன்ன துண்டச் சேருங்க. அப்புறம் கையில சுத்தாதீக. மாட்டிக்கிச்சுன்னா ஒரு குச்சியில சுத்தி இழுங்க."

"மறுபடியும் அந்த இத்துப்போன துண்டா? இதோட சேத்தா இந்த நூலுக்கே அசிங்கம்."

"தம்பி, இது அறாது. இது அறலைன்னா வேற ஏதாச்சும் அறணும்ல."

"வேற எது அறும்?"

என் வாயில் வந்தது 'வெரலு' என்கிற வார்த்தைதான். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கடையில் நாலு பேர் நின்றார்கள். எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயைப் பார்த்தார்கள். கேலி முந்திக்கொண்டது.

"உங்க வீட்டுக்காரம்மாவோட பொறுமை" என்றேன்.

முதலாளி கல்லாவைத் தட்டிச் சிரித்தார். பாவுக்காரர்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். "அது கல்யாணமான மறுநாளே அறுந்துபோச்சு யக்கா, பிணைச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று பதிலுக்கு ஒன்றை விட்டுவிட்டு, அந்த நரம்பை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் நான் ஆட்டுக்குப் புல் அறுக்கக் கதிரரிவாளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போயிருந்தேன். உச்சி வெயில் ஏறவில்லை. கரையில் இருந்து பார்த்தால், பாவுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"யக்கா, வாங்க. வந்து பாருங்க. உங்க ஊரு கம்மாயவே பிடிச்சுட்டேன்."

"மரத்தப் பிடிச்சிருக்கீகளா, மீனப் பிடிச்சிருக்கீகளா?"

"மீனுதான். இழுக்குது பாருங்க."

இழுத்தது உண்மைதான். அவர் கையில் இருந்து நரம்பு நேராகப் போய், தண்ணீருக்கு மேலே தலை நீட்டிய ஒரு கருவேல மரத்தடியில் முங்கியது. மீன் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடப்பார்க்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் நரம்பு விறைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதறியது. புல்லைப் போட்டுவிட்டு நான் சரிவில் இறங்கினேன். இன்னும் சிரிப்போடுதான் இறங்கினேன். பாதி இறங்கியபோது அவர் சிரிப்பு நின்றுபோனது தெரிந்தது.

"யக்கா" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"கைய விடுங்க தம்பி. நரம்ப விட்டுருங்க."

"விட முடியல. சுத்தியிருக்கேன்."

முன்னால் ஓர் எட்டு வைத்திருந்தால் நரம்பு தளர்ந்திருக்கும். விரலை உருவியிருக்கலாம். ஆனால் அவர் நின்ற இடத்துக்கு முன்னால்தான் கோடையில் வயலுக்குக் கரம்பை மண் அள்ளிய குழி. ஆள் முங்குகிற ஆழம். அவருக்கு நீச்சல் தெரியாது. அந்த விளிம்பில் குதிகாலை ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கிறார். மீனை இழுக்கவில்லை, குழிக்குள் போகாமல் தன்னைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். அரிவாள் கையில்தான் இருந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"அறுத்துராதீக" என்றார்.

"பேசாம நில்லுங்க."

"யக்கா, அறுத்துராதீக. பெரிய மீனு. கொஞ்சம் பொறுங்க, அதுவா ஓஞ்சுரும். நல்ல நூலு யக்கா, அறுத்துராதீக."

வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுக்காதே என்றுதான் கெஞ்சினார். நான் பொறுக்கவில்லை. விறைத்து நின்ற நரம்பில் அரிவாளை வைத்தேன், வைத்ததுதான் தெரியும். இத்தனூண்டு சத்தம். அவர் பின்னால் சாய்ந்து தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். மரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஒருமுறை புரண்டது. என்ன மீன் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை.

"அறுத்துட்டீகளே" என்றார்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். நரம்பைக் காணோம். சுற்றியிருக்கிறேன் என்றாரே, எங்கே என்று தேடினேன். விரலுக்குள்ளே இருந்தது. அப்போதுதான் தண்ணீர் சிவந்தது.

என் முந்தானையைக் கிழித்துச் சுற்றினேன். கரையில் பால் கேனோடு போன வண்டியை நிறுத்தி ஏற்றித் திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கட்டுப்போட்டு, விரலுக்கு மதுரையில்தான் பார்க்க வேண்டும் என்று ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள், நானும் கூடப் போனேன். அவர் வீட்டுக்காரம்மா டவுனில் இருந்து நேராக மதுரைக்கு வந்துவிட்டது. வந்ததும் அழவில்லை. யாரைப் பார்க்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் கேட்டது.

டாக்டர் வெளியே வந்தார். நல்ல மனிதர், நமக்குப் புரிகிற மாதிரி பேசினார்.

"நரம்பு அறுந்துருச்சும்மா" என்றார்.

அந்தம்மா, "அது கெடக்கட்டும் சார்" என்றது. "கடைக்கார அக்கா இந்தா நிக்காக. வேற நரம்பு குடுப்பாக. கை எப்படி இருக்கு?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாழ்க்கை முழுக்க நான் ஆயிரம் கேலி பேசியிருக்கிறேன். ஒரு வார்த்தையை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு ஆளைச் சிரிக்க வைக்கத் தெரியும் எனக்கு. அந்தம்மா தெரியாமல் சொன்ன அந்த ஒன்றின் பக்கத்தில் என்னுடையது எதுவும் வராது. டாக்டர் தன் ஆள்காட்டி விரலை அந்தம்மா முகத்துக்கு நேரே பிடித்து, மடக்கிக் காட்டினார். "வெரல இப்படி மடக்குறதுக்கு உள்ள ஒரு நரம்பு இருக்கும்மா. அது." அப்போதும் அந்தம்மா அழவில்லை. தன் விரலை எடுத்து ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டது.

தைத்தார்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மூலையில் ஒரு பழைய பாவின் துண்டைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொட்டாங்கச்சியில் சாம்பல். என்னை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு நூலை எடுத்தார். கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவில் நூல் நிற்கவில்லை, நழுவியது. இடது கைக்கு மாற்றினார். திருகினார். விட்டதும் இரண்டு நுனியும் பிரிந்துகொண்டன.

"என்ன சொல்றாக டாக்டரு?" என்று கேட்டேன்.

"அவுக நல்லாத்தான் பிணைச்சிருக்காக யக்கா" என்றார். "பிணைப்புப் பிடிக்கல."

அடுத்த தெருவில் பாவு காத்துக்கொண்டிருந்தது. வெளியூரில் இருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து பிணைத்தார்கள். கொஞ்ச நாள் இவருக்காகப் பொறுத்துப் பார்த்தார்கள். தறி காலியாக நின்றால் நெய்கிறவர் வீட்டில் எப்படி அடுப்பு எரியும்? அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாவுக்காரர் மில் வாசலில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். லாரி வந்தால் கேட்டைத் திறந்துவிட வேண்டும், போனால் சாத்த வேண்டும். அதற்கு மடங்காத விரல் போதும்.

பிள்ளைகளே, இதில் நான் எதை மாற்றியிருக்க முடியும் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த நரம்பு நல்ல நரம்பு. மிதக்கும், பாசியை அறுத்துக்கொண்டு வரும், விராலுக்கு அதைவிட ஏற்றது இல்லை. தண்ணீரைக் கேட்டேன், மீனைக் கேட்டேன், சரியானதைத்தான் கொடுத்தேன். சொல்ல வேண்டியதில் ஒன்றைத் தவிர மற்றதையும் சொன்னேன். டப்பாவில் இந்த நரம்பு எத்தனை கிலோ மீனைத் தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எத்தனை கிலோவில் மனுஷன் விரல் போகும் என்று எந்த மூலையிலும் போட்டிருக்காது. அது நம் வாயால் சொல்லியாக வேண்டியது. அதனால் கண்மாயைக் கேளுங்கள், மீனைக் கேளுங்கள், மூன்றாவதாக, "நீங்க என்ன வேலை பாக்குறீக?" என்றும் கேளுங்கள். பூக்கட்டுகிறவர் வருவார், தையல்காரர் வருவார், செல்போன் ரிப்பேர் பார்க்கிற பையன்கள் வருவார்கள். அவர்களுக்கு அறுகிற நரம்பைக் கொடுங்கள். அறுந்துவிட்டது என்று மறுவாரம் வந்து உங்களைத் திட்டட்டும். திட்டுவதற்கு விரலை நீட்டுவார் இல்லையா, அந்த விரல் மடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் கேலியாகச் சொல்லுங்கள். கடை கலகலப்பாக இருந்தால்தான் வியாபாரம். ஆனால் அந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிக்காதீர்கள். நாலு பேர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், கேலி தொண்டைக்கு வந்துவிட்டாலும் முழுங்கிவிட்டு, விரல் போகும் என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டு சொன்னால் சொல்லாத மாதிரிதான். அவர் சிரித்த சிரிப்பு என் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பை வாங்குவதற்கு நான் அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டேன்.

நான் கடை வேலையில் இருந்து நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். மில் காக்கிச் சட்டை. நெடுநாள் கழித்து வருகிறார். கூட்டமான நேரம். ஓரமாக நின்று, தன் முறை வந்ததும் முன்னால் வந்தார்.

"அறுகிற நரம்பா குடுங்க யக்கா" என்றார்.

வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது. சன்னமான தங்கூஸை எடுத்து வைத்தேன். ஒரு முள் எடுத்து வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. நரம்பின் நுனியை இடது கையில் எடுத்து, முள்ளையும் எடுத்து, இரண்டையும் என் பக்கம் நீட்டினார். கட்டித் தரச் சொல்கிறார் என்று புரிந்ததும் வாங்கிக்கொண்டேன்.

கட்டினேன். அவர் கல்லா மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நழுவும் யக்கா" என்றார்.

அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினேன்.

"கடைசிச் சுத்த உள்ள விட்டு எடுங்க. ஆங். எச்சி தொட்டு இழுங்க. மெதுவா. நரம்பு சூடாயிரக் கூடாது."

அவர் சொன்னபடியே செய்தேன். நரம்பை இடது கையால் பிடித்து, முள்ளைக் கல்லா விளிம்பில் மாட்டி, ஒருமுறை சுண்டிப் பார்த்தார். முடிச்சு நின்றது.

"இருக்கட்டும்" என்றார். பையில் போட்டுக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார்.

"ஆள் நிக்கிறாக யக்கா. அடுத்தவுகளப் பாருங்க."